மார்மன் பாடகர்கள்: பட்டியலை நம்புவதற்கு முன்

புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் ஒரு பட்டியல் அடிக்கடி சுற்றி வருகிறது. 'இவர்களெல்லாம் மார்மன்கள், தெரியுமா?' என்ற தலைப்பு. கீழே எல்விஸ் பிரெஸ்லி, ராக் பாடகர் ஆலிஸ் கூப்பர், நடிகர் ரயன் காஸ்லிங், இமாஜின் டிராகன்ஸ் இசைக்குழுவின் டான் ரெனால்ட்ஸ், பாடகி கிளாடிஸ் நைட், அரசியல்வாதி மிட் ரோம்னி என்று பெயர்கள் வரிசையாக இருக்கும். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இளையோர் கூட்டத்துக்கு வினாடி வினா தயாரிப்பவரும், கல்யாண மண்டபத்தில் மேடை நிகழ்ச்சி நடத்துபவரும் அதை அப்படியே எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். இந்த ஆறு பெயரில் இரண்டு தவறு, இரண்டு பாதி உண்மை, மீதி இரண்டுதான் சரி.

மார்மன்கள் என்பது அமெரிக்காவில் தோன்றிய ஒரு சபையின் ஆட்கள். முதலில் அந்தச் சபையின் பெயர். 1830 ஏப்ரல் 6ஆம் தேதி நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கிய இதன் முழுப் பெயர், தமிழில் அவர்களே அச்சிடுகிறபடி, 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை'. 'மார்மன்' என்பது அவர்கள் வேதமாகக் கொள்ளும் மார்மன் புத்தகத்தை வைத்து வெளியார் கொடுத்த பெயர். 2018 ஆகஸ்டில் அப்போதைய தலைவர் ரசல் நெல்சன் இந்தச் செல்லப் பெயரை விட்டுவிடும்படி கேட்டுக்கொண்டார். அதே ஆண்டு அக்டோபரில், உலகம் முழுக்க 'மார்மன் டாபர்னக்கிள் கொயர்' என்று அறியப்பட்ட பாடகர் குழுவே பெயரை மாற்றிக்கொண்டது. இங்கே நான் 'மார்மன்' என்று எழுதுவது, தேடுகிறவர்கள் அந்தச் சொல்லைத்தான் தட்டுவார்கள் என்பதால். மேடையிலோ அழைப்பிதழிலோ போடுவதாக இருந்தால் முழுப் பெயரைப் போடுங்கள். உறுப்பினர்கள் அதைத்தான் விரும்புவார்கள்.

இனித் தவறுகளுக்கு வருவோம். எல்விஸ் கதைக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது ஒரு மார்மன் புத்தகப் பிரதி. அதன் ஓரங்களில் எல்விஸே கைப்பட எழுதிய குறிப்புகள் இருப்பதாகப் பல வருடம் பேச்சு ஓடியது. சபையின் சொந்த வரலாற்றுத் துறையைச் சேர்ந்தவரே கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்து, அது எல்விஸ் எழுதியதல்ல, போலி என்று 2018இல் எழுதிவிட்டார். ஆனாலும் பட்டியலில் எல்விஸ் பெயர் இன்னும் போகவில்லை.

ஆலிஸ் கூப்பர் விஷயம் கொஞ்சம் சிக்கலானது, அதனாலேயே சுவையானது. அவருடைய அப்பாவின் பெயர் ஈத்தர் மொரோனி ஃபர்னியர். ஈத்தர், மொரோனி இரண்டும் மார்மன் புத்தகத்தில் வரும் பெயர்கள். அதைப் பார்த்ததும் 'ஆள் மார்மன்தான்' என்று எழுதிவிடுவார்கள். ஆனால் அந்தக் குடும்பம் இருந்தது வேறு சபையில். 1844இல் ஜோசப் ஸ்மித் கொல்லப்பட்ட பிறகு கூட்டம் பல கிளையாகப் பிரிந்தது. பெரிய பகுதி பிரிகம் யங் பின்னால் போய் 1847இல் யூட்டாவில் குடியேறியது. இன்று நாம் மார்மன் என்கிறது அதைத்தான். இன்னொரு சிறு கிளை வில்லியம் பிக்கர்டன் என்பவரின் தலைமையில் பென்சில்வேனியாவில் நின்றுவிட்டது. அவர்களுக்கும் மார்மன் புத்தகம் உண்டு, ஆனால் யூட்டா தலைமையோடு எந்தத் தொடர்பும் இல்லை. கூப்பரின் தாத்தா அந்தச் சபையில் அப்போஸ்தலராக இருந்தவர். பேரன் இன்று தன்னைச் சாதாரண கிறிஸ்தவர் என்றே சொல்லிக்கொள்கிறார்.

பலதார மணக் குழுக்களைப் பற்றி வரும் செய்திகளும் இதே குழப்பம்தான். யூட்டா சபை 1890இல் பலதார மணத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. அதை ஏற்காமல் பிரிந்து போனவர்களின் வழி வந்த குழுக்கள் வேறு, அவற்றின் தலைவர்கள் வேறு. ஒரு பெயரைப் பார்த்தால் முதலில் கேட்க வேண்டியது 'எந்தக் கிளை?'

அடுத்தது 'எந்த ஆண்டு?' இந்தச் சபையில் பிள்ளைகளுக்கு எட்டு வயதில் ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார்கள். ஆகவே 'ஞானஸ்நானம் பெற்றவர்' என்ற ஒரு வரி, பெற்றோரின் நம்பிக்கையைத்தான் சொல்கிறது, வளர்ந்த பிள்ளையின் நம்பிக்கையை அல்ல. வளர்ந்த பிறகு வருவதையே நிறுத்திவிட்டாலும், தானே கேட்டு நீக்கச் சொல்லாதவரை பெயர் பதிவேட்டில் இருக்கும். சபை சொல்லும் 1 கோடியே 70 லட்சத்துக்கு மேற்பட்ட உறுப்பினர் கணக்கில் இவர்களும் அடக்கம். ரயன் காஸ்லிங் அப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவர், அவ்வளவுதான். நடிகை ஏமி ஆடம்ஸும் சிறுவயது வரை அதே கதை. 'வளர்ந்தார்' என்பதும் 'இருக்கிறார்' என்பதும் ஒன்றில்லை.

தேதி போடாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு டேவிட் ஆர்ச்சுலெட்டா நல்ல உதாரணம். 2008இல் அமெரிக்கன் ஐடல் போட்டியில் இரண்டாம் இடம் வந்தார். 2012 முதல் 2014 வரை சிலி நாட்டில் சபை ஊழியம், அதாவது வீடு வீடாகப் போய்ச் செய்யும் மதப் பிரசாரம், செய்தார். 2021இல் தன் பாலீர்ப்பு பற்றி வெளிப்படையாகப் பேசினார். 2022இல் சபையை விட்டு விலகினார். 2015இல் தயாரித்த ஸ்லைடில் அவர் பெயர் சரி, இன்று அதே ஸ்லைடு தவறு. டான் ரெனால்ட்ஸும் இந்த வகைதான்: நெப்ராஸ்காவில் ஊழியம் செய்தவர், ஆனால் இப்போது சபையைப் பின்பற்றவில்லை என்று சொல்லிவிட்டார். நியான் ட்ரீஸ் குழுவின் டைலர் க்ளென், அண்மையில் உலகமெங்கும் ஓடிய பென்சன் பூன் இருவரும் அங்கே வளர்ந்து வெளியே வந்தவர்கள்.

தி கில்லர்ஸ் குழுவின் பிராண்டன் ஃபிளவர்ஸ் 2011இல் சபையின் விளம்பரக் காணொளியில் தோன்றி, தானும் ஓர் உறுப்பினர் என்று சொன்னார். அந்தக் காணொளி 2011க்கு மட்டுமே சான்று. ஆனால் அதன் பிறகும் நேர்காணல்களில் அவர் தன் நம்பிக்கையைப் பற்றிப் பேசி வந்திருக்கிறார். 2021இல் வந்த அவர்கள் இசைத்தொகுப்பு முழுக்க யூட்டாவில் அவர் சிறுவயதைக் கழித்த நீபை என்ற சிற்றூரைப் பற்றியது. ஆகவே அவரை 'இருக்கிறார்' பக்கம் வைக்கலாம். வரிசையாகச் சொன்னால்: ஆளே பேசிய பேச்சு இருக்கிறதா, அதன் தேதி என்ன, எந்தக் கிளையைச் சொல்கிறார், பிறகு மாற்றிப் பேசியிருக்கிறாரா. இந்த நாலும் கிடைக்கவில்லை என்றால் பெயரை எடுத்துவிடுங்கள். சபை உறுப்பினர் பட்டியலை வெளியே கொடுக்காது. அங்கே எழுதிக் கேட்டுப் பயனில்லை.

சரி, இத்தனை சலித்த பிறகும் பெயர்கள் நிறையவே மிஞ்சுகின்றன. ஏன் இவ்வளவு இசைக்காரர்கள்? வேதாகமத்திலோ ரத்தத்திலோ காரணம் தேட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஏற்பாட்டைப் பார்த்தாலே போதும்.

இவர்களிடம் சம்பளம் வாங்கும் போதகர் உள்ளூர் சபையில் கிடையாது. வார்டு என்று ஓர் அமைப்பு. அந்த வட்டாரத்தில் குடியிருப்பவர்கள்தான் அதன் ஆட்கள். பிஷப் முதல் பியானோ வாசிப்பவர் வரை எல்லாரும் சபையிலேயே ஒருவர், வேலை நாளில் கணக்காளராகவோ பல் மருத்துவராகவோ இருப்பார். பாட்டை நடத்தவும், பியானோ வாசிக்கவும், சிறுவர்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கவும் ஆட்களைப் பெயர் சொல்லி நியமிப்பார்கள். நன்றாக வாசிக்கத் தெரிந்த பன்னிரண்டு வயதுப் பிள்ளை இருந்தால் அதையும் உட்கார வைத்துவிடுவார்கள். மூன்று வயதிலிருந்து பதினோரு வயது வரை சிறுவர் வகுப்பில் வாராவாரம் பாட்டு நேரம் உண்டு. வருடத்துக்கு ஒருமுறை பிள்ளைகள் சபை முன்னால் நின்று முழு நிகழ்ச்சியைப் பாடி நடத்த வேண்டும். நம் ஊரில் தைப்பூசத்துக்கு உறுமி மேளம் அடிக்கும் பையன்களைப் பார்த்திருப்பீர்கள். வகுப்புக்கு ஃபீஸ் கட்டிப் படித்தவர்கள் இல்லை, கோயில் வாசலில் அண்ணன்மார் அடிப்பதைப் பார்த்துப் பழகியவர்கள். ஏறக்குறைய அதே முறைதான், வாத்தியம்தான் வேறு.

பாட்டுப் புத்தகத்தைத் திறந்து பார்த்தால் இன்னும் தெளிவாகும். 1985இல் வந்த ஆங்கிலப் புத்தகத்தில் 341 பாடல்கள். அநேகமாக எல்லாமே நாலு குரலுக்கு எழுதியவை: சொப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ். தலைப்புக்குக் கீழே எந்த உணர்வோடு பாட வேண்டும் என்று ஒரு சொல், பக்கத்தில் நிமிடத்துக்கு இத்தனை தட்டு என்று வேகம். இசை வரிகளுக்கு மேலே சின்னச் சின்ன அடைப்புக் குறிகள் இருக்கும். முன்னிசையாக எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை வாசிக்க வேண்டும் என்பதற்கான அடையாளம் அது; முதல் வரியை வாசித்துக் கடைசி வரிக்குத் தாவும்படி போட்டிருப்பார்கள். புதிதாக வாசிப்பவர் இதைக் கவனிக்காமல் பாட்டு முழுவதையும் முன்னிசையாக வாசித்துவிட்டால், சபை எப்போது தொடங்குவது என்று தெரியாமல் ஆளுக்கொரு இடத்தில் பாடத் தொடங்கும். அதைவிட அடிக்கடி நடக்கும் தவறு இழுப்பது. பியானோக்காரர் சபையின் குரலைக் கேட்டுக் கேட்டுப் பின்னால் போக, சபை பியானோவைக் கேட்டுப் பின்னால் போக, நாலாவது சரணத்தில் பாட்டு நின்றே போய்விடும். போட்டிருக்கும் வேக எண்ணில் மேல் எல்லையை எடுத்துக்கொண்டு, சபைக்காகக் காத்திருக்காமல் வாசிப்பதுதான் வழி. நம் தமிழ்ச் சபைகளில் கீர்த்தனைக்குக் கீபோர்டு வாசிப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

வாத்தியம் விஷயத்தில் அவர்கள் கறாராகவே இருந்து வந்தார்கள். ஆர்கன் அல்லது பியானோ, இல்லையென்றால் அவற்றின் மின்னணு வடிவம். பித்தளைக் குழல்களும் தாள வாத்தியங்களும் பெரும்பாலும் வழிபாட்டுக்குப் பொருந்தாது என்று சபைக் கையேடு நெடுங்காலம் சொல்லி வந்தது. டோலக், தபேலா இல்லாமல் ஒரு தமிழ்ப் பாட்டா என்று நமக்குத் தோன்றும். எனக்கும் அது குறையாகத்தான் படுகிறது. ஆனால் தாளத்தை எடுத்துவிட்டதால் காது சுரச் சேர்க்கையில் போய் நிற்கிறது என்பதையும் மறுக்க முடியாது. அம்மா ஆல்டோ, அப்பா பேஸ், நடுவில் பிள்ளை. பத்து வருடம் இப்படி உட்கார்ந்தால் யாரும் சொல்லித்தராமலே இரண்டாம் குரல் வந்துவிடும்.

ஆஸ்மண்ட் குடும்பம் அதற்கு நேர் சான்று. யூட்டாவின் ஆக்டன் நகரில் ஒன்பது பிள்ளைகள். மூத்த இருவருக்கும் பிறவியிலேயே காது கேளாமை. அடுத்த நாலு பையன்கள், ஆலன், வெய்ன், மெரில், ஜே, 1958 வாக்கில் வாத்தியமே இல்லாமல் நாலு குரல் சேர்ந்து பாடும் பாணியில் தொடங்கினார்கள். அண்ணன்மாருக்குக் காது கேட்கும் கருவி வாங்கப் பணம் சேர்ப்பது நோக்கங்களில் ஒன்று. 1962 முதல் ஆண்டி வில்லியம்ஸின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இடம் கிடைத்தது. கொஞ்ச நாளில் சின்னவன் டானியும் சேர்ந்தான். 1971இல் அவர்கள் பாட்டு அமெரிக்காவில் முதலிடம். புகழின் உச்சியில் இருந்தபோது, 1973இல், சபையின் போதனையையே கருவாக வைத்து ஒரு முழு இசைத்தட்டு போட்டார்கள். விற்பனையை நினைத்துப் பார்த்தால் அது துணிச்சல்தான். பதின்ம வயது ரசிகைகள் கேட்டது அதுவல்ல. 1976இல் டானியும் தங்கை மேரியும் தங்கள் பெயரிலேயே வாராந்தர நிகழ்ச்சி தொடங்கினார்கள். நம் பிள்ளைகளுக்கு டானியின் பெயர் தெரியாவிட்டாலும் குரல் தெரிந்திருக்கும்: 1998இல் வந்த டிஸ்னியின் 'மூலான்' படத்தில் தளபதி ஷாங் பாடும் குரல் அவருடையது.

இந்த முறையின் உச்சம் சால்ட் லேக் சிட்டியில் உள்ள டாபர்னக்கிள் பாடகர் குழு. ஏறக்குறைய 360 பேர். யாருக்கும் சம்பளம் இல்லை, கூட வாசிக்கும் வாத்தியக் குழுவுக்கும் இல்லை. சேரும்போது வயது 25க்கும் 55க்கும் இடையில் இருக்க வேண்டும். இருபது வருடம் முடிந்தாலோ அறுபது வயது ஆனாலோ, எது முந்துகிறதோ அப்போது வெளியேற வேண்டும். வீடு 100 மைலுக்குள், அதாவது ஏறத்தாழ 160 கிலோமீட்டருக்குள். கோலாலம்பூரிலிருந்து மலாக்கா தாண்டும் தூரம். அதையும் ஒத்திகைக்காகக் கடந்து வருகிறவர்கள் உண்டு. தேர்வு மூன்று கட்டம்: முதலில் பதிவு செய்த குரலை அனுப்புவது, அடுத்து இசையறிவுத் தேர்வு, கடைசியில் நேரில் பாடிக் காட்டுவது. நல்ல தனிக்குரல் இருந்து விழுகிறவர்கள் ஏராளம், காரணம் எளிது: 360 பேரில் ஒரு குரல் தனியாகக் கேட்டால் அது குறை. குரல் நடுக்கத்தை அடக்கி, பக்கத்தில் இருப்பவரோடு கரைத்துப் பாடத் தெரிய வேண்டும். 2023இலிருந்து பிலிப்பைன்ஸ், கானா, மெக்சிகோ போன்ற நாடுகளிலிருந்தும் சிலரை வரவழைத்துச் சபை மாநாட்டில் பாட வைக்கிறார்கள்.

அவர்களின் அரைமணி நேர வானொலி நிகழ்ச்சி 1929 ஜூலை 15ஆம் தேதி தொடங்கியது. அன்று இருந்தது ஒரே ஒரு ஒலிவாங்கி. அதைக் கூரையிலிருந்து தொங்கவிட்டு, அறிவிப்பாளராக இருந்த 19 வயது இளைஞர் உயரமான ஏணியின் உச்சியில் நின்றபடியே பாட்டுகளை அறிவித்தார். நிகழ்ச்சி முடியும்வரை அங்கேயேதான் நின்றார். வாரம் தவறாமல் ஓடி, 2025 ஜூலையில் 5,000ஆவது நிகழ்ச்சியைத் தொட்டுவிட்டது. கட்டடமும் பாதிக் காரணம்: 1867இல் திறந்த, கூரையைத் தாங்க நடுவில் தூணே இல்லாத மரக் குவிமாடம். ஒரு முனையில் குண்டூசியைப் போட்டால் மறுமுனையில் கேட்கும் என்று காட்டுவார்கள். ஆர்கனில் 11,623 குழல்கள். நம் மலேசிய நேரத்துக்குக் கேட்க வேண்டுமானால், யூட்டாவில் ஞாயிறு காலை 9.30 என்பது அவர்களின் கோடைக்கால நேரத்தில் இங்கே ஞாயிறு இரவு 11.30. நவம்பரிலிருந்து மார்ச் வரை கடிகாரத்தைப் பின்னால் தள்ளிவிடுவதால் திங்கள் அதிகாலை 12.30. இந்த ஒரு மணி நேர மாற்றத்தை மறந்துவிட்டு 'ஒளிபரப்பே இல்லை' என்று அலைபேசியை மூடுகிறவர்கள் உண்டு. யூடியூபில் பிறகும் கிடைக்கும், தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

பாட்டுத் தொழிலுக்கு இச்சபை வைக்கும் பெரிய தடை ஊழியம். ஆண்கள் இரண்டு வருடம், பெண்கள் ஒன்றரை வருடம். 2012இல் குறைந்தபட்ச வயதை ஆண்களுக்கு 19லிருந்து 18ஆகக் குறைத்தார்கள். போகும் இடத்தை அவர்களாகத் தேர்ந்தெடுக்க முடியாது. கடிதத்தில் எந்த ஊர் வருகிறதோ அங்கே போக வேண்டும். செலவும் சொந்தச் செலவு: அமெரிக்கா போன்ற நாடுகளிலிருந்து போகிறவர்கள் மாதம் 400 டாலர் கட்டி வந்தார்கள், 2020 ஜூலையிலிருந்து 500. பொதுவாகக் காலை 6.30க்கு எழ வேண்டும், இரவு 10.30க்குப் படுக்க வேண்டும், சினிமாப் பாட்டு கிடையாது. 2019 பிப்ரவரி வரை வீட்டுக்குத் தொலைபேசியில் பேசுவதே வருடத்துக்கு இரண்டு முறைதான். இப்போது வாரம் ஒருமுறை பேசலாம்.

பதினெட்டு, பத்தொன்பது வயதில் ஒரு பாடகர் இரண்டு வருடம் மறைந்தால் என்ன ஆகும்? ஒப்பந்தம் போட்ட நிறுவனம் காத்திருக்காது, ரசிகர்கள் வேறு முகத்தைப் பிடித்துக்கொள்வார்கள். ஆகவே பலரும் ஊழியத்தை முதலில் முடித்துவிட்டே பாட்டுக்கு வருகிறார்கள். ரெனால்ட்ஸ் நெப்ராஸ்காவுக்குப் போனது இமாஜின் டிராகன்ஸ் தொடங்குவதற்கு முன். ஆடிக்கொண்டே வயலின் வாசிக்கும் லிண்ட்சி ஸ்டெர்லிங் நியூயார்க்கில் ஊழியம் முடித்து, பிறகுதான் 2010இல் அமெரிக்காஸ் காட் டேலண்ட் மேடைக்கு வந்தார். கால் இறுதியோடு அனுப்பிவிட்டார்கள், யூடியூப் அவரைத் தூக்கிவிட்டது. நடனக் கூடங்களில் மின்னணு இசை போடும் காஸ்கேட் ஜப்பானில் ஊழியம் செய்தவர். லாஸ் வேகஸில் விடிய விடிய இசை போட்டும் மதுவைத் தொடாதவர்; 2024 சூப்பர் பவுல் ஆட்டத்தில் இசை போட்டவரும் அவரே. உச்சத்தில் இருக்கும்போதே கிளம்பிப் போனவர் ஆர்ச்சுலெட்டா. போகுமுன்பே பாட்டுகளைப் பதிவு செய்து வைத்துவிட்டதால், அவர் சிலியில் வீடு வீடாக நடந்துகொண்டிருந்தபோது இங்கே இசைத்தட்டுகள் வந்துகொண்டிருந்தன. வேறு யாரும் செய்ய நினைத்தால் இந்த முன்னேற்பாடு இல்லாமல் இறங்கக் கூடாது.

இன்னொரு காரணத்தைப் பலரும் கவனிப்பதில்லை. யூட்டாவின் ப்ரோவோ நகரில் 2006இல் திறந்த வெலூர் என்ற சின்ன அரங்கில் மது விற்பதில்லை. எல்லா வயதினரும் உள்ளே வரலாம். இசைக்குழுவுக்குப் பதினாறு வயது ரசிகர் கிடைப்பார்; அவர் குடிக்க வரவில்லை, பாட்டுக் கேட்க வந்திருக்கிறார். நியான் ட்ரீஸ், இமாஜின் டிராகன்ஸ் இரண்டும் அங்கே வளர்ந்த குழுக்கள். 2008இல் நியான் ட்ரீஸை முன்னிகழ்ச்சிக்குக் கூட்டிக்கொண்டு போனவர்கள் தி கில்லர்ஸ். கோலாலம்பூரில் தமிழ் ராப் பாடும் பையன்களுக்கு மேடை கிடைப்பது பெரும்பாலும் பீர் விற்கும் இடத்தில். வயது குறைந்தவர் வாசலோடு சரி. ஒரு மதுவில்லாத அரங்கு இங்கே என்ன செய்யும் என்று யாராவது முயன்று பார்க்கலாம். தே ஓ ஐஸ் விற்ற காசில் வாடகை தேறுமா என்பதுதான் கேள்வி.

மதம் மாறி வந்தவர்களில் கிளாடிஸ் நைட் தனி ஆள். 1997இல் சேர்ந்தார், அவருடைய பிள்ளைகள் முன்பே சேர்ந்திருந்தார்கள். கறுப்பின ஆண்களுக்கு 1978 வரை ஆசாரியத்துவம் (குருத்துவப் பொறுப்பு) தர மறுத்த சபை அது என்பதை மறந்துவிட்டு இதைப் பேசக் கூடாது. சபை இசைக்கு இன்னும் உயிர் வேண்டும் என்று அப்போதைய தலைவர் கோர்டன் ஹிங்க்லியிடமே சிரித்துக்கொண்டு சொன்னவர், சொன்னதோடு நிற்காமல் தானே ஒரு பாடகர் குழுவைக் கட்டினார். கறுப்பினத் தேவாலயப் பாணியில், கைதட்டலோடு மார்மன் பாடல்கள். அந்தக் குழுவுக்கு 2006இல் கிராமி விருது கிடைத்தது. மினசோட்டாவின் 'லோ' குழு இதற்கு நேர் எதிர்: ஆலன் ஸ்பார்ஹாக், மிமி பார்க்கர் தம்பதி, மெதுவாக, தாழ்வாக, இரண்டு குரல் ஒட்டிப் பாடுவார்கள். பார்க்கர் 2022இல் காலமானார். நியூயார்க் டால்ஸ் குழுவின் பேஸ் வாத்தியக்காரர் ஆர்தர் கேன், ராக் வாழ்க்கை சிதைந்த பிறகு சபையில் சேர்ந்து, லாஸ் ஏஞ்சலிஸில் சபையின் வம்சாவளி நூலகத்தில் வேலை பார்த்தார். 2004இல் பழைய நண்பர்களோடு லண்டனில் மீண்டும் மேடையேறினார், சில வாரங்களில் ரத்தப் புற்றுநோயில் இறந்தார்.

பாட்டுக்கு வெளியே உள்ளவர்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2012இல் அதிபர் தேர்தலில் நின்ற மிட் ரோம்னி இச்சபைக்காரர். பிரான்சில் ஊழியம் செய்தவர். அப்போது செனட்டில் ஜனநாயகக் கட்சியின் பெரும்பான்மைத் தலைவராக இருந்து அவரை வரி விஷயத்தில் விடாமல் துரத்திய ஹாரி ரீடும் அதே சபை. 'மார்மன் என்றாலே குடியரசுக் கட்சி' என்று எழுதுகிறவர்கள் ரீடை மறந்துவிடுகிறார்கள். தொலைக்காட்சியை மின்னணு முறையில் முதலில் இயக்கிக் காட்டிய ஃபைலோ ஃபார்ன்ஸ்வொர்த், 1927இல் அதைச் செய்தபோது வயது 21. ஜான் ஹன்ட்ஸ்மன் தைவானில் ஊழியம் செய்தபோது மாண்டரினும் ஹொக்கியனும் கற்றார், 1992இல் சிங்கப்பூருக்கு அமெரிக்கத் தூதராக வந்தார். பினாங்கு சந்தையில் ஹொக்கியனில் மீன் விலை பேசும் நம் அக்காமார்களோடு அவர் ஓரளவு பேசிச் சமாளித்திருக்கலாம். பினாங்கு ஹொக்கியனில் கலந்திருக்கும் மலாய்ச் சொற்களில்தான் தடுமாறியிருப்பார்.

புக்கிட் பிந்தாங்கில் உள்ள ஜே.டபிள்யூ. மேரியட் விடுதியின் பெயரில் இருக்கும் ஜே. வில்லார்ட் மேரியட் யூட்டாவில் பிறந்த மார்மன். 1927இல் வாஷிங்டனில் ஒன்பது நாற்காலி போட்டு அவர் திறந்த முதல் கடை, ஏ அண்ட் டபிள்யூ ரூட் பீர் கடை. 1963இல் கோலாலம்பூருக்கு வந்து நம் தாத்தாக்களுக்கு ரூட் பீர் பழக்கிய அதே பெயர்தான். குளிர்காலத்தில் ரூட் பீர் விற்காது என்று சூடான சாப்பாட்டையும் சேர்த்தார், அதிலிருந்து விடுதி வரை போனது. அவர் குடும்ப விடுதிகளில் பல அறைகளின் இழுப்பறையில் பைபிளோடு மார்மன் புத்தகமும் இருக்கும். மதுக்கூடமும் இருக்கும், வியாபாரம் வேறு, வீடு வேறு என்று வைத்துக்கொண்டார்கள்.

கடைசியாக, இங்கே உங்கள் நிகழ்ச்சிக்கு இச்சபைப் பாடகரையோ பியானோக்காரரையோ கூப்பிடுவதாக இருந்தால் சில விவரங்கள். 1833இல் வந்த உணவு விதிப்படி மது, புகையிலை, காப்பி, தேநீர் நான்கும் கூடாது. தேநீர் என்றால் பால் தேநீரும் சரி, பச்சைத் தேநீரும் சரி. ஆகவே மாமாக் கடையில் தே தாரிக், தே ஓ லீமாவ், கோப்பி ஓ எல்லாம் தள்ளுபடி. தே ஹாலியா என்று சொன்னால் உள்ளே தேயிலை இருக்கும். இஞ்சி மட்டும் போட்டுக் கொதிக்க வைத்தால் சரி. நெஸ்லோவில் காப்பி கலந்திருக்கிறது, சாம் என்பதில் காப்பியும் தேயிலையும் இரண்டுமே. மைலோ, பாண்டோங், பார்லி, எலுமிச்சை ஜூஸ், ரூட் பீர் தாராளமாகக் கொடுக்கலாம். கோலாவுக்குத் தடையில்லை என்று 2012இல் சபை தெளிவுபடுத்தியது, ஆனாலும் சிலர் தொடமாட்டார்கள், கேட்டுவிடுங்கள்.

ஞாயிறு ஒத்திகை வைக்காதீர்கள்; வழிபாடு 2019இலிருந்து இரண்டு மணி நேரமாகக் குறைந்தாலும், அன்று முழுக்க வேலை, கடை, சம்பள நிகழ்ச்சி மூன்றையும் தவிர்ப்பவர்கள் அதிகம். மாதத்தின் முதல் ஞாயிறு உபவாசம், மதிய விருந்துக்குக் கூப்பிட்டால் தர்மசங்கடம். திங்கள் இரவைக் குடும்பத்துக்கு ஒதுக்கியிருப்பார்கள். ஏப்ரல், அக்டோபர் முதல் வார இறுதியில் சபை மாநாடு. அந்த உரைகள் தமிழிலும் அவர்கள் இணையதளத்தில் வருகின்றன. பாட்டுப் புத்தகத்தின் இசைக்குறிப்பும் பின்னணி இசையும் அங்கேயே இலவசம். வீட்டுக்கும் சபைக்கும் படியெடுக்கலாம், ஆனால் சில பாடல்களுக்குத் தனித் தடை உண்டு, பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கும். மேடையில் டிக்கெட் விற்றுப் பாடுவதாக இருந்தால் அந்த இலவச அனுமதி உங்களுக்குப் பொருந்தாது, தனியாக எழுதிக் கேட்க வேண்டும்.